கடைசி வரைக்கும் ஒரு ஆள்

மேல்வீட்டில் முன்பு இருந்தவள் ஏன் காலி செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள். தண்ணீர்தான் அம்மிணி. வேறு ஒன்றும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், மற்ற நாளெல்லாம் உப்புத் தண்ணீர். அவளுக்கு அது சரிப்படவில்லை. உட்காருங்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், டீ வைத்திருக்கிறேன். வீட்டை அப்புறம் பார்க்கலாம், அது எங்கே போகப்போகிறது.

எதிர்வீட்டுப் பூங்கொடி உங்களிடம் ஏதாவது சொன்னாளா? நீங்கள் கேட்டைத் திறக்கும்போது அவள் உங்களைக் கூப்பிட்டு நிறுத்தியதைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் காலி செய்தாள் என்று சொல்லியிருப்பாள். ஆமாம், ஆடியில்தான். ஆடி எட்டாம் தேதி. ஆடியில் யாராவது வீடு மாற்றுவார்களா? நாமெல்லாம் ஒரு புது விளக்குமாறு வாங்கவே யோசிப்போம். அவள் மாற்றினாள். எனக்கு என்ன தெரியும், அவர்கள் ஊர்ப் பக்கம் அதெல்லாம் பார்க்க மாட்டார்களோ என்னவோ.

என்னைப் பற்றியும் சொல்லியிருப்பாள். அந்தம்மா தட்டு வைத்துக் கூப்பிட்டு, தட்டு வைத்தே விரட்டும் என்று. நீங்கள் முகத்தைத் திருப்புவதிலேயே தெரிகிறது. பரவாயில்லை. குடி வரப்போகிறவர், நாளைக்கு ஆளாளுக்குச் சொல்லிக் கேட்பதற்கு என் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சேனல் இருக்கிறது. வீடியோ சேனல். போனில் வருமே, அது. கேம் விளையாடி அதைப் போடுகிற சேனல். சிரிக்கிறீர்களா? இல்லையென்றால் சரி. எனக்குச் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் ஆகாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள் நான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வருடம் செக்கிங், தைத்து வருகிற பனியனில் டேமேஜ் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலையில் எட்டுப் பத்து டவுன் பஸ். அந்த பஸ்ஸில் நாங்கள் பதினோரு பேர், எப்போதும் அதே பதினோரு பேர். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் மாமியார் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடுவோம். அப்புறம் எனக்கு முட்டி போயிற்று. செக்கிங் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. போன வருடத்துக்கு முந்தின வருடம் நின்றுவிட்டேன். முதல் பத்து நாள் நன்றாகத் தூங்கினேன். பதினோராவது நாள் காலையில் எட்டுப் பத்துக்கு பஸ் ஹாரன் கேட்டது. வாசலில் போய் நின்றேன். பஸ் போயிற்று. அவ்வளவுதான். பேச ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே போகிற வண்டி. வந்தால் இரண்டு நாள் இருப்பார், அதில் ஒரு நாள் தூக்கம். பையன் நவநீதன் ஓசூரில் இருக்கிறான். மத்தியானத்தில் அவனுக்குப் போன் போடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன், அதற்கு மேல் கேட்க எனக்கும் ஒன்றும் வராது. ஒருநாள் வந்தபோது என் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். பஸ் ஓட்டுகிற கேம்.

"இதுல ஓட்டிட்டிரும்மா. மத்தியானத்துல எனக்குப் போன் பண்ணாத, மீட்டிங்ல இருப்பேன்."

அதில் வருவது ஏதோ வெளிநாட்டு ரோடு. பேர் எதுவும் படிக்க முடியாது. நான்தான் பேர் வைத்தேன். இது புளியமரத்து ஸ்டாப், இது ரேஷன் கடை ஸ்டாப், இது கம்பெனி கேட் என்று. ஏறுகிற ஆட்களும் பொம்மைதான், ஆறேழு பொம்மைதான் திரும்பத் திரும்ப ஏறும். அதற்கும் பேர் வைத்தேன். மஞ்சள் சட்டை ராயம்மா, எங்கள் எட்டுப் பத்து பஸ்ஸில் வந்தவள். குடை வைத்திருப்பவள் பூங்கொடி. கதவு மூடப்போகும்போது ஓடி வருகிற ஒருத்திக்கு, மேல்வீட்டுக்காரி சுகந்தியின் பேர். அவள்தான் எதற்கும் கடைசி நிமிடத்தில் ஓடுகிறவள். "ஏய் ராயம்மா, உள்ள தள்ளிப் போ, படியிலயே நிக்காத. பூங்கொடி, குடையை மடக்கு, ஆளு மூஞ்சியில குத்துது. இருங்க இருங்க, சுகந்தி ஓடியாறா, அவ ஏறட்டும்" என்று பேசிக்கொண்டே ஓட்டுவேன். எனக்கு அதில் பொழுது போயிற்று. நவநீதன் ஒருநாள் கேட்டுவிட்டு, "இதை அப்படியே ரெக்கார்டு பண்ணிப் போடலாம்மா" என்று சேனல் ஆரம்பித்துக் கொடுத்தான். துளசி பஸ் சர்வீஸ். நான் துளசிமணி. எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "முப்பது வருசமா நான் நெசமா ஓட்டறேன், ஒருத்தனும் லைக் போட்டதில்லை" என்றார். அவருக்கு எப்போதும் அப்படித்தான் வாய்.

மூன்று மாதத்தில் தொண்ணூற்றாறு பேர் சேர்ந்தார்கள். யார் எவர் என்று தெரியாத தொண்ணூற்றாறு பேர். கீழே எழுதுவார்கள். ஓவர்டேக் பண்ணுங்க ஆன்ட்டி. அந்த லாரி மேல மோதுங்க ஆன்ட்டி. நான் மோத மாட்டேன். உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போது எப்படி மோதுவது? எல்லா ஸ்டாப்பிலும் நிற்பேன். எல்லாரும் ஏறினால்தான் எடுப்பேன். கடைசி ஸ்டாப் போக முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். அவசரக்காரர்கள் போய்க்கொள்ளட்டும்.

தொண்ணூற்றாறு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன், தொண்ணூற்றாறு. பல் விளக்கிவிட்டுப் பார்ப்பேன், தொண்ணூற்றாறு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. வளராத பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பது மாதிரி.

அப்போதுதான் யோசித்தேன். ஒரு விசேஷத்துக்கு ஆள் வரவேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? வீடு வீடாகப் போய் அழைக்கிறோம். அழைக்காமல் யார் வருவார்கள்? தை மாதம் பிறந்ததும் தட்டு எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, இரண்டு வாழைப்பழம். இந்த வீதி, பின்வீதி, கம்பெனிக்காரிகள் இருக்கிற காலனி, நாத்தனார் ஊர், ஒன்று விடவில்லை. பூங்கொடி தட்டைப் பார்த்ததும், "என்னக்கா, நவநீதனுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சா?" என்றாள்.

"அதில்லை பூங்கொடி, துளசி பஸ் சர்வீஸ்."

"பஸ் வாங்கிட்டீங்களா? சொல்லவேயில்லை."

ஒவ்வொருத்தருக்கும் விளக்கிச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. போனை வாங்கி நானே சப்ஸ்கிரைப் பட்டனை அமுக்கிக் கொடுத்தேன். "பார்க்கோணும், மறக்கக்கூடாது" என்று சொல்லிச் சொல்லி வந்தேன். "பாக்காம இருப்பமா" என்றார்கள். பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பதினைந்து பேர். மொத்தம் முந்நூற்றுப் பதினொன்று. அன்றைக்கு நான் பால் பாயசம் வைத்தேன். சுகந்திக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். அவளைத் தனியாக அழைக்கவில்லை, குடியிருக்கிறவளை எதற்குத் தட்டு வைத்து அழைப்பது? நீங்க ஆரம்பிச்ச முதல் வாரத்திலேயே நான் சேர்ந்துட்டேங்க்கா என்றாள். சரி என்றேன்.

சுகந்தி யாரென்று சொல்லவில்லையே. வேடசந்தூர்ப் பக்கம். நம் ஊர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். புருஷன் இருக்கிறான், ஆனால் கூட இல்லை. நான் துருவிக் கேட்கவில்லை. காலையில் ஓடுவாள், சாயங்காலம் ஆறரைக்கு வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்கு மேல் எனக்கு அவளைத் தெரியாது.

முந்நூற்றுப் பதினொன்றும் நின்றுவிட்டது. தை போயிற்று, மாசி, பங்குனி, சித்திரை. ஒன்றுகூட ஏறவில்லை. வைகாசியில் நவநீதன் வந்தபோது போனை அவன் கையில் கொடுத்து, என்ன நோவு என்று பார்க்கச் சொன்னேன். ஆட்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அதில் ஒரு படம் காட்டினான். கோடு ஒன்று உச்சியில் ஆரம்பித்து, கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்தது.

"நீ வீடியோ போட்டதும் முதல்ல சேனல்ல சேர்ந்தவங்களுக்குத்தாம்மா அந்த ஆப் காட்டும். யாருமே திறக்கறதில்லை. திறந்தாலும் அரை நிமிஷத்துல மூடிடறாங்க. சேர்ந்தவங்களே பார்க்கலைன்னா, சரக்கு சரியில்லை போலன்னு அது வேற யாருக்கும் காட்டாது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. செக்கிங்கில் அப்படித்தான். மேலாகப் பத்துப் பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பத்தும் டேமேஜ் என்றால் மொத்த லாட்டும் திரும்பிவிடும். உள்ளே எவ்வளவு நல்ல பீஸ் இருந்தாலும் யார் பார்த்தார்கள்?

"ஆனா ஒண்ணும்மா" என்றான். அந்தக் கோட்டைக் காட்டினான். விழுந்த கோடு முழுசாகத் தரையைத் தொடவில்லை. தரைக்கு மேலே நூல் மாதிரி மெலிசாகக் கடைசி வரைக்கும் போயிற்று. "இது ஒரே ஒரு ஆளு. நீ போட்ட எல்லா வீடியோவையும் ஒருத்தர் கடைசி வரைக்கும் பார்த்திருக்காங்க."

"யாருடா அது?"

"பேரெல்லாம் காட்டாதும்மா."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். முப்பத்தெட்டு நிமிடம் என்னோடு உட்கார்ந்து வருகிற ஒரு ஆள். யார் அந்தப் புண்ணியவான்? நம் ஊர்க்காரர் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. மலேசியாவாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே தமிழ்க்காரர் நிறைய இல்லையா. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கியர் போடுவது சரியா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்றிலிருந்து எந்த வீடியோ ஆனாலும் கடைசி ஸ்டாப்பில் அவருக்கென்று ஒரு வார்த்தை சொல்வேன். "எல்லாரும் எறங்கிட்டாங்க. ஐயா, நீங்க மட்டும்தான் பாக்கி. பார்த்து எறங்குங்க, படி ஒசரம்." அப்படிச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன்.

அவருக்காகவாவது சேனலைச் சரி செய்யவேண்டும் என்று தோன்றியது. டேமேஜ் பீஸை எடுத்தால் லாட் தேறும். நவநீதன் அப்படிச் சொல்லவில்லை, நானே முடிவு செய்தேன். ஆனி மாதம் மறுபடியும் கிளம்பினேன். பட்டனை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது? அழைக்கும்போது மரியாதையாகத் தட்டு கொண்டுபோய்விட்டு, இப்போது கையை வீசிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்? அதே தட்டு. அதே வெற்றிலை, பாக்கு, பழம்.

பூங்கொடி பார்த்துவிட்டு, "என்னக்கா, பஸ்ஸை வித்துட்டீங்களா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "வாங்கன்னு கூப்பிடறதுக்கும் தட்டு, போங்கன்னு சொல்றதுக்கும் தட்டாக்கா? உறவு வேண்டாம்னா வாய்ல சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் உறவைப் பற்றிப் பேசவே இல்லை அம்மிணி, பட்டனைப் பற்றித்தான் பேசினேன். ராயம்மா தட்டைத் தொடவே இல்லை, உள்ளே போய்விட்டாள். நாத்தனார் அழுதாள். அவளுக்கு எதற்கும் அழுகைதான். "பார்க்கலை, தப்புதான். அதுக்குன்னு வீட்டுக்கு வந்து பேரை அடிக்கறதா?" என்று எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். ஆனால் எடுத்துவிட்டார்கள். வீம்புக்கே எடுத்தார்கள். இப்போது இந்த வீதியில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. போன மாதம் பூங்கொடி பெண்ணுக்கு வளைகாப்பு, பாட்டுச் சத்தம் இந்த வாசல் வரைக்கும் வந்தது, அழைப்பு மட்டும் வரவில்லை. அவர்கள் குணம் அப்படி. நான் என்ன செய்ய முடியும்?

சுகந்தியை நான் எடுக்கச் சொல்வதாகவே இல்லை. குடியிருக்கிறவள், போனால் போகிறாள் என்று விட்டிருந்தேன். ஆனி கடைசியில் ஒருநாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பாதிப் படியில் என் குரலே கேட்டது. உள்ளே தள்ளிப் போ, படியிலயே நிக்காத. கூடவே சிரிப்பு. சுகந்தி சிரிக்கிறாள். சுகந்தி ஓடியாறா, அவ ஏறட்டும் என்று என் குரல் வந்ததும் இன்னும் பெரிதாகச் சிரிக்கிறாள். அப்படியே நின்றுவிட்டேன். கேலி செய்கிறாள். ஏழாவது படித்தவள் பஸ் ஓட்டுகிறாள் என்று கேலி. இன்னும் எவ்வளவுதான் சிரிப்பாய், பார்க்கிறேன் என்று நின்றேன். கடைசியில் மலேசியாக்காரருக்கு நான் சொல்கிற வார்த்தை வந்தது. ஐயா, பார்த்து எறங்குங்க, படி ஒசரம். அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரிங்க்கா, எறங்கிட்டேன்" என்று போனைப் பார்த்துப் பதில் வேறு சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. என்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன், அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்?

கதவைத் தட்டினேன். போனைக் கொடு என்றேன்.

"எதுக்குங்க்கா?"

"பட்டனை எடுக்கோணும். எல்லாரும் எடுத்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

"நான் எடுக்க மாட்டேங்க்கா" என்றாள். "வாடகையக் கொண்டாந்து குடுக்குறேன், சொன்ன நேரத்துக்கு மோட்டார் போடுறேன். என் போன்ல நான் எதைப் பார்த்தா உங்களுக்கு என்ன?"

"என்ர சேனல், என்ர பஸ். யாரை ஏத்தறது, யாரை எறக்கறதுன்னு நான்தான் சொல்லோணும்."

கையிலிருந்து வாங்கி நானே அமுக்கினேன். அவள் தடுக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்ததும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னாள். ஆடி எட்டாம் தேதி காலி செய்தாள். தண்ணீர் சரியில்லை என்றாள். அவள் வாயாலேயே சொன்னதுதான், நானாகச் சொல்லவில்லை.

இப்போது சேனலில் எண்பத்தேழு பேர். டேமேஜ் எல்லாம் எடுத்தாயிற்று, லாட் தேறியிருக்கவேண்டும் அல்லவா? தேறவில்லை. பழைய தொண்ணூற்றாறிலும் எட்டுப் பேர் தானாகவே போயிருந்தார்கள், எண்பத்தெட்டாக இருந்தது எண்பத்தேழு ஆகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மலேசியாக்காரர் போய்விட்டார். அதனால்தான் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்க நவநீதன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். தினமும் பார்க்கிறேன். கோடு விழுந்து தரையைத் தொட்டுவிடுகிறது. நூலே இல்லை. ஆடியிலிருந்து ஒரு வீடியோவுக்கும் இல்லை. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? வயசான மனுஷன். கேட்கலாம் என்றால் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. நேற்றும் முப்பத்தெட்டு நிமிடம் ஓட்டினேன். கடைசி ஸ்டாப்பில் அவருக்குச் சொல்கிற வார்த்தை வாயில் வரவில்லை. காலி வண்டியில் யாருக்குச் சொல்வது?

என்ன சொன்னீர்கள்? சுகந்தியா?

இல்லை அம்மிணி. அவள் எப்படி? அவள் சிரித்தாள். நான் என் காதால் கேட்டேன். பிடித்துப் பார்க்கிறவர்கள் அப்படியா சிரிப்பார்கள்?

நீங்கள் சிரிப்பீர்களா?

பிடித்திருந்தால்தான் சிரிப்பீர்களா.

நான் படியில் நின்றேன். இருட்டுகிற வரைக்கும் நின்றேன். எடுக்கப் போன துணி மாடியிலேயே கிடந்தது. புளியமரத்து ஸ்டாப்பிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஒரு ஸ்டாப்பையும் அவள் தள்ளிவிடவில்லை. இடையில் குக்கர் விசில் வந்தது, அப்போது மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, இறக்கிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து போட்டாள்.

அவளும் பார்த்திருக்கலாம், அந்த மலேசியாக்காரரும் பார்த்திருக்கலாம். இரண்டு பேராக இருந்தால்?

ஒரே ஒரு ஆள் என்றுதான் நவநீதன் சொன்னான்.

இரண்டு பேர் இருக்க முடியாது.

நீங்கள் டீயைக் குடியுங்கள். குடித்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. மேல்வீட்டை இன்றைக்குக் காட்ட முடியாது. கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. ஆமாம், போர்டு தொங்குகிறது, எடுத்துவிடுகிறேன். பின்வீதியில் பிள்ளையார் கோவிலுக்கு மூன்றாவது வீடு, அங்கே மாடி காலியாக இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் நன்றாக வரும். துளசிமணி அனுப்பினாள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கொடுக்க மாட்டார்கள்.

உங்களை வரச்சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். இரண்டு மணி நேரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். இந்த நாற்காலியில் ஒரு ஆள் இவ்வளவு நேரம் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் நீங்கள் இப்போது கிளம்பவேண்டும் அம்மிணி. நான் சேலை மாற்றவேண்டும். அவள் கம்பெனி ஆறு மணிக்கு விடும். கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் பிடிக்க முடியும், எப்போதும் ஓட்டமாக ஓடுகிறவள், என்னைப் பார்த்தால் நிற்பாளோ மாட்டாளோ.